நாலாவது வண்டி

"வண்டி ஓட்டுற லட்சணத்தை வச்சே ஆளை எடை போட்டுடலாம் தம்பி. ரெண்டு நாள் எதுக்கு? எனக்கு ரெண்டு வளைவு போதும்," என்றார் வெல்டர், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

இளைஞன் சிரித்து வைத்தான். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. பெட்ரோல் பங்க் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். கல்யாணப் பேச்சு ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு வீட்டிலும் எல்லோரும் தலையாட்டியாகிவிட்டது. ஒரே ஒரு ஆள் மட்டும், 'ரெண்டு நாள் கூட இருந்து பார்க்கணும், அப்புறம்தான் என் பதில்' என்று ஒற்றைக்காலில் நின்றதால் இந்த ஏற்பாடு. மருந்துக்கடைக்காரரும் வெல்டரும் வக்கீலும் வருஷம் தவறாமல் போகிற பைக் ராலி அது. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள். இந்தத் தடவை நாலாவது வண்டியாக இளைஞனும் சேர்ந்துகொண்டான். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கிளம்பிய அரை மணியிலேயே வெல்டர் அவனுக்கு 'லிஃப்ட்' என்று பேர் வைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஏன்யா பரீட்சை எழுதப் போற மாதிரியே மூஞ்சிய வச்சிருக்கீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. காலையிலிருந்து பேச்சு அளந்துதான் நடந்தது. சாப்பிட்டானா, வேலை எப்படிப் போகிறது என்று மருந்துக்கடைக்காரர் விசாரித்தார். ஹெல்மெட் பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஆமா சார்", "சரி சார்" என்பதுதான் பதில். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவனும் அவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காபி முடிந்து கிளம்பும்போது இளைஞனின் வண்டி மக்கர் செய்தது.

ஹாரன் அடித்தது. விளக்கு எரிந்தது. எஞ்சின் மட்டும் பிடிக்கவே இல்லை. மணி பத்து. ராலி நடக்கும் மைதானத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். பதினோரு மணிக்கு அணிவகுப்பு. முந்நூறு வண்டிகளுக்கு முன்னால் கொடியோடு போக இந்த வருஷம் மருந்துக்கடைக்காரரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த கொடி.

வெல்டர் ஐந்து நிமிஷம் குடைந்து பார்த்துவிட்டுப் பொறுமை இழந்தார். "லிஃப்ட், நல்ல நேரம் பார்த்துக் கவுத்தியேப்பா. இதை இங்கயே போட்டுட்டு என் பின்னாடி ஏறு. சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்."

"அது எங்கப்பா நினைவா மிச்சமிருக்கிற வண்டி. விட்டுட்டு வர மாட்டேன்," என்றான் இளைஞன்.

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் தன் வண்டியிலிருந்து கொடியை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டார். "விட வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. நான் இருக்கேன்." வெல்டர் முனகினார், வக்கீல் வாதாடிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. இரண்டு வண்டிகள் மட்டும் கிளம்பிப் போயின.

காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்து நிழலில் வண்டியை நிறுத்தி, மருந்துக்கடைக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். டாக்டர் சீட்டைச் சரிபார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்ரோல் குழாய், ஸ்பார்க் பிளக், ஒயர்கள். புது ஜாக்கெட்டின் கையெல்லாம் கிரீஸ். பதினோரு மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"என்னால உங்க கொடி போச்சு. கோபம் வரலையா சார்?"

"வந்துச்சு. பத்தேகால் வரைக்கும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இந்த செயினைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்ல. உசிரா வச்சுப் பார்த்துக்கிட்ட வண்டி தம்பி இது. நடுவழியில போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

இளைஞன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக அவர் சீட்டைக் கழற்றி ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து இளைஞனை ஒரு பார்வை பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு ஃப்யூஸை எடுத்து அழுத்தி, மூடியைப் போட்டார்.

"ம், இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அணிவகுப்பு முடிந்து, கொடியைச் சுருட்டியும் வைத்தாகிவிட்டது.

"அப்படி என்னதான் ஆச்சு லிஃப்டுக்கு?" என்று வெல்டர் வம்புக்கு வந்தார்.

"ஃப்யூஸ் எரிஞ்சு போயிருந்துச்சு. பழைய வண்டின்னா அப்படித்தான். விடுய்யா, பசிக்குது," என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் கை கழுவப் போனார்.

இளைஞன் கூட்டத்தை விட்டு விலகி, கூடாரங்களுக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். காலையிலிருந்து போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஃப்யூஸைக் கழட்டி என் பையில போட்டுக்கிட்டதே நான்தான். அது அவருக்குத் தெரிஞ்சு போச்சு, ஆனா யார்கிட்டயும் மூச்சு விடல," என்றான் இளைஞன். "எனக்குச் சம்மதம். நீ அவரையே கட்டிக்கோ, அம்மா."