கொத்தளத்து வீட்டுப் பங்காளிகள்

"பங்காளி ஒருத்தராவது வந்து நிக்கட்டும், அப்புறம் நிச்சயம் வெச்சுக்கலாம்" என்று என் மகள் கஸ்தூரியின் மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கொத்தளத்தார் என்ற வீட்டுப் பெயர் திருவண்ணாமலையில் எனக்கு மட்டும்தான்.

தாலுகா ஆபீஸில் பழைய பிறப்பு இறப்பு ரெக்கார்டு கட்டு சுமக்கிற வேலை எனக்கு. போன வருஷம், 1980இல், முதியோர் பள்ளியில் எழுத்துப் படித்தவன். கட்டுகளைப் பிரித்து எழுத்துக்கூட்டித் தேடினேன். மூன்று கொத்தளத்தார் கிடைத்தார்கள். 1911இல் காலராவில் போனவர், 1934இல் கிணற்றில் விழுந்தவர், 1952இல் பாம்பு கடித்தவர். வேறு வேறு ஊர், யாருக்கும் வாரிசு இல்லை.

வீட்டு வாசலில் என் சம்சாரம் மடக்கினாள். "மூணு பங்காளிங்க இருக்காங்கனு ஒரு வார்த்தை சொன்னீங்களா? உள்ள சாப்பிடறாங்க. ஒருத்தர் தொப்பலா நனைஞ்சிருக்காரு."

சித்திரை வெயில் கொளுத்தியது.

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றியதும் சம்பந்தி என் காதருகே கேட்டார்: "உங்க அண்ணன் கை ஏங்க இவ்ளோ சில்லுனு இருக்கு?"