டிராக்டரில் ஏறிய ஆடு

“உங்க கேம நான் காசு குடுத்துத்தான் வாங்கினேன். ஓசியில ஆடற பழக்கமே எனக்கு இல்லீங்க,” என்றான் நிதின்.

காவ்யாவுக்கு மனசு இளகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களில் இப்படிச் சொன்ன முதல் ஆள் இவன்தான். முன்பு வந்தவர்கள் எல்லாம், ‘கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த விளையாட்டு வேலைதானா?’ என்று கேட்டுவிட்டு, கைகழுவக் கூட நிற்காமல் கிளம்பிப் போனவர்கள்.

புத்தூரில், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு வருஷமாகத் தனி ஆளாய் அவள் செய்த மொபைல் கேம் அது. பாகாலா பக்கத்துத் தோப்பிலிருந்து மாம்பழ லோடு ஏற்றிய டிராக்டரை, பழம் அழுகுவதற்குள் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். கேம் வெளிவந்த வாரமே, காசு கட்டாதவர்கள் ஆட முடியாதபடி அவள் போட்டிருந்த பூட்டை யாரோ உடைத்து, வாட்ஸ்அப்பில் காப்பியைச் சுற்றவிட்டார்கள். திருப்பதி ஹாஸ்டல்களில் எல்லோரும் ஆடினார்கள். வாங்கியவர்களைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருந்தது.

அழுது தீர்த்த பிறகு அப்பாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். “என் உழைப்ப மதிக்கிறவனுக்குத்தான் நைனா கழுத்த நீட்டுவேன்.”

இப்போது அப்பா முனிரத்தினம் கண்ணாலேயே ‘சரியா?’ என்று கேட்டார். தலையாட்டிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

இடித்தது நிதினின் அம்மா பிரேமலதாதான். வந்து உட்கார்ந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் வைத்த போளி ஆறிக்கொண்டிருந்தது.

“எடுத்துக்குங்கம்மா,” என்றார் முனிரத்தினம்.

“இருங்க. கை வேலையா கீது.”

“எங்கம்மா அப்படித்தான் மாமா. எப்பப் பாரு போன நோண்டிக்கினே இருப்பாங்க,” என்று சிரித்தான் நிதின். “காவ்யா வேலைக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அப்படி ஒரு கேம் பண்ணிக்கிறாங்க.”

“அவுனா, நெஜமாவா தம்பி? அவ்ளோ நல்லா கீதா?” முனிரத்தினத்துக்கு வாயெல்லாம் பல்.

“அதுலயும் அந்த ஆடு கீது பாருங்க மாமா. டிராக்டர்ல ஏறி உக்காந்துக்கினு ஒரு பழம் விடாம துன்னுது. எவ்ளோ வேகமா ஓட்டினாலும் சித்தூர் போறதுக்குள்ள லோடு காலி. இதுவரிக்கும் ஒரு தபா கூட என்னால ஃபேக்டரில பழத்த இறக்க முடியல. அவ்ளோ கஷ்டமா வெச்சிக்கிறாங்க. அதான் மூளை.”

காவ்யா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“ஆடு உங்களுக்குப் புடிச்சிருந்துதா?”

“அதுக்காகவே ஆடலாங்க.”

பிரேமலதா முதல் முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

“எந்த ஆட்ட சொல்ற நீ? நானும் தினிக்கும் ஓட்டறேன், எனக்கு ஒரு ஆடும் ஏறலியே. இதோ, இப்பக்கூட லோட முழுசா இறக்கிட்டேன்.” போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில், ஃபேக்டரி வாசலில் காவ்யாவின் டிராக்டர் நின்றிருந்தது.

நிதின் எதையோ சொல்ல வாயெடுத்தான். காவ்யா அவன் பக்கம் திரும்பவில்லை. போளித் தட்டை எடுத்துப் பிரேமலதாவின் கையில் கொடுத்தாள்.

“உங்களுக்கு ஏறாது அத்த. காசு குடுக்காம காப்பி எடுத்தவங்க டிராக்டர்ல மட்டும் ஏறட்டும்னுதான் அந்த ஆட்ட நான் உள்ள வெச்சேன்.”