முதல் வாளி

மலேசியாவின் கூலாய் நகரத்துப் பக்கத்து ஆற்றங்கரையில் சுகுமாறன் கைகாட்டிய இடத்தைத் தோண்டினால் போதும், தொழிற்சாலைக் கழிவு அடைத்த ட்ரம் ஒன்று தலைகாட்டிவிடும்.

"அண்ணன் மேல சாமி இறங்கியிருக்கு லா!" என்று துப்புரவுக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆறாவது ட்ரம் மேலே வந்ததும் பொறுப்பாளர் லோஷினி கைதட்டினாள். "அவ்வளவுதான், ஆறு சுத்தம்! இனி மீன்குஞ்சு விடலாம். முதல் வாளி உங்க கையாலதான் அண்ணே. கரையில வைக்கிற பலகையிலயும் உங்க பேரைத்தான் போடப்போறோம்."

வாளிக்குள் குஞ்சுகள் துள்ளின. சுகுமாறன் வாளியை வாங்கி உள்ளே பார்த்தார்.

"வேணாம்மா. இன்னும் ரெண்டு ட்ரம் உள்ள கிடக்கு. இப்ப விட்டா அத்தனையும் செத்துப்போகும்."

"அதெப்படி அண்ணே அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை.

"அன்னைக்கு என் லாரியில ஏத்திட்டு வந்தது எட்டும்மா."