பிரத்யுஷாவின் பாஸ்வேர்டு

காலை பத்தேகால். கிஷன் மூன்றாவது பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்துவிட்டான். லேப்டாப் திறக்கவில்லை.

"கல்யாண நாளைப் போட்டயா?" என்றார் அம்மா பங்காரம்மா, வாசலில் ஒரு கண் வைத்தபடி.

"மொதல்ல அதைத்தானுங்கம்மா போட்டேன்."

"உம்பட பேரு?"

"எம்பட பேரையெல்லாம் அவ வெப்பாளா?"

கிஷனின் மனைவி பிரத்யுஷா, காந்திபுரத்து ஸ்கேன் சென்டர் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ரிப்போர்ட் டைப் செய்கிறவள். சென்டரின் பழைய ரிப்போர்ட்டுகளும் அந்த லேப்டாப்பில் திறக்கும்.

கிஷனின் தங்கை பூஜிதாவுக்கு அந்தியூர் மாப்பிள்ளை யஷ்வந்த் அமைந்திருந்தான். ஜாதகம் பொருந்தி, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில், பைக்கிலிருந்து விழுந்து பையனுக்குத் தலையில் அடி, அதே சென்டரில்தான் ஸ்கேன் எடுத்தார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

பிரத்யுஷா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். "ஏனுங்க, அதுல என்ன தேடறீங்க?"

கிஷன் எழுந்துகொண்டான்.

"நாந்தான் தொறக்கச் சொன்னேன்" என்றார் பங்காரம்மா. "அந்தப் பையன் மண்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லுன்னா, ஒரு வாரமா முடியாதுங்கற. ஊட்டு ஆளுங்களுக்கே பூட்டா?"

"அதெல்லாம் எடுத்துக் குடுக்கக் கூடாதுங்கத்தை. அவங்ககிட்டயே நேரா கேளுங்க."

"நேரா கேட்டா எவன் சொல்லுவான்? பொண்ணைக் குடுக்கறவங்க நாலு பக்கம் விசாரிக்கறதுதான். ஊரான் ஊட்டு ரகசியத்துக்குக் காவல் நிக்கற. நாத்தனா வாழ்க்கை உனக்குப் பெருசில்லையா?"

பிரத்யுஷா பையைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மா முந்தாநாள் எனக்குப் போன் பண்ணுனாங்க."

"எதுக்காமா?"

"பூஜிதா பன்னெண்டாவது படிக்கும்போது வலிப்பு வந்து, எங்க சென்டர்ல ஸ்கேன் எடுத்தாங்களாமே, அதைப் பாத்துச் சொல்லு கண்ணுன்னு கேட்டாங்க."

பங்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவைதான் வந்துது. அப்பறம் வரவேயில்லை." பிறகு கோபம் வந்தது. "அடுத்த ஊட்டுப் பொண்ணோட சமாசாரத்தைத் திருட்டுத்தனமாப் பாக்கச் சொல்றா பாரு. பெரிய மனுசி பண்ற வேலையா இது?"

கிஷன் சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடினான்.

பங்காரம்மா மருமகளிடம் கேட்டார். "நீ என்ன சொன்ன?"

"உங்களுக்குச் சொன்னதையேதானுங்க."

அறைக்குள்ளிருந்து பூஜிதா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"அண்ணியை உடுங்கம்மா. என்னோடதை அவருகிட்ட நானே சொல்றேன். அவரோடதை அவரு சொல்லட்டும்."

"சொல்லி, அவங்க வேண்டாம்னுட்டா?"

"இப்பவே சொல்லட்டுமுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் சொல்றதுக்கு இது தேவலை."



அந்த ஞாயிறு நிச்சயம் நடக்கவில்லை. பூஜிதாவும் யஷ்வந்தும் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரியில் சந்தித்து, அவரவர் ரிப்போர்ட்டை அவரவரே காட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு, 2025 நவம்பர் 16 அன்று நிச்சயம் நடந்தது.