விளாவிய நீர்

என் தங்கை கோகிலவாணி கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு டம்ளர் வெந்நீர். பல் வெளுக்க மருத்துவர் தடவிய மருந்தால், பச்சைத் தண்ணீர் பட்டாலே அவளுக்குக் கூசியது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றிருந்தார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோருக்கும் பல் பழுப்புதான். தங்கை மட்டும் தன் கல்யாணப் படத்தில் வாய் திறந்து சிரிக்க ஆசைப்பட்டாள்.

“காவி போயிடுச்சாக்கா?”

“போயிடுச்சு. அங்கங்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குடி.”

“பொறாம உனக்கு!” என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். பாலத்து இறக்கத்தில் லாரி மோதிவிட்டது.

மறுநாள் அவளைக் குளிப்பாட்ட அத்தை குடத்தைத் தூக்கினார்.

“அத்தே, வெந்நீர் விளாவி ஊத்துங்க. அவளுக்குப் பல்லு கூசும்” என்றேன்.

பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அத்தை குடத்தை இறக்கிவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கூடியிருந்த பெண்கள் யாரும் தடுக்கவில்லை.

தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்ததால் அவள் பற்களை ஒருவரும் பார்க்கவில்லை. மாலை போட்டு மாட்டக் கிடைத்தது கல்லூரியில் எடுத்த படம். அதில் உதட்டை மூடியபடியே சிரிக்கிறாள்.