எதிரே ஆள் இல்லை

"ரக்னா, காபி ஊத்து! நாளைக்கு ஆடாமலே ஜெயிக்கப் போறோம்!"

சொல்லிக்கொண்டே கடைக்குள் வந்தார் மார்வின். பின்னாலேயே அவருடைய கூட்டாளி லைல். இருவருக்கும் பின்னால், மூடாத கதவு வழியாக மைனஸ் முப்பது டிகிரி குளிர்.

சஸ்காச்சுவனின் அந்தச் சின்ன ஊரில் பிப்ரவரி பிறந்தால் கர்லிங் போட்டியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பனித்தரையில் கல்லைத் தள்ளிவிடுகிற ஆட்டம்தான். ஆனால் அங்கே போய் அப்படிச் சொன்னால் ஒரு வாய் காபி கூடக் கிடைக்காது.

மூன்று வருடமாகக் கோப்பை மார்வின் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. இந்த வருடமும் அதை விடுவதாக இல்லை அவர். மார்ச்சில் முழங்காலில் ஆபரேஷன். அதோடு ஆட்டத்துக்கு முழுக்கு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ரக்னாவும் அவள் கணவன் லெய்ஃபும் இந்தக் கடையை எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஊரே தினமும் வரும், சாப்பிடும், "ரக்னா, பில்!" என்று கூவும். அதற்கு மேல் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஒரு வீட்டிலிருந்துகூடச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த போட்டி அட்டவணையில், தன் குடும்பப் பெயரான 'மக்கின்டயர்' மீது விரலை வைத்தார் மார்வின்.

"இங்க பாரு. எங்களுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்கு?"

"பை."

"பைன்னா என்னன்னு தெரியுமா?"

ரக்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க."

"கையாட்டிட்டு பை பைன்னு சொல்வோமே, அந்தப் பை இல்லம்மா. வருஷா வருஷம் பதினஞ்சு டீம் வரும். ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்தா ஒண்ணு மிஞ்சும்ல? மிஞ்சினவங்களுக்கு முதல் ஆட்டம் கிடையாது. நேரா அடுத்த சுற்று. அந்தச் சலுகை எப்பவும் கோப்பை வெச்சிருக்கறவனுக்குத்தான். எதிர்ல சும்மா 'பை'ன்னு எழுதி வெப்பாங்க."

"அப்ப அங்க யாருமே இல்லையா?"

"ஈ காக்கா கிடையாது!"

"போன வருஷமும் பையைத்தான் அடிச்சோம்" என்றார் லைல், பன்னை மென்றபடி. "தங்கமான டீம். ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? வாயே திறக்காதுங்க!"

இருவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ரக்னா சிரிக்கவில்லை.

"நாங்களும் கடைசி நாள்ல பேர் கொடுத்திருக்கோம்" என்றாள் மெதுவாக.

"அட, நீங்களா? சொல்லவே இல்லையே! முதல் ஆட்டம் யாரோட?"

"ரொம்பப் பெரிய டீம்."

"பயப்படாதே. தோத்தா என்ன, தலையா போயிடும்? ஆட்டத்துக்கு முன்னாடி கை குலுக்கணும். முடிஞ்சதும் ஜெயிச்சவன் தோத்தவனுக்கு பியர் வாங்கிக் கொடுக்கணும். ஒரு தடவை சேர்ந்து ஆடிட்டா அப்புறம் அவங்க வேத்தாள் இல்ல. இந்த ஊர்ல அப்படித்தான்."

"நாளைக்கு உங்களுக்கு என்ன வேலை?"

"ஏரிக்குப் போறோம், மீன் பிடிக்க! விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவோம். ரெண்டாவது ஆட்டத்துக்குச் சாயந்தரம் வந்தாப் போதும்."

"அங்க போனும் எடுக்காது. பொண்டாட்டி தொல்லையும் இல்ல" என்றார் லைல்.

ரக்னாவின் பார்வை அட்டவணையின் கடைசி வரிக்குப் போனது. 'ஆட்டங்கள் காலை ஒன்பது மணிக்கு. அரை மணி தாமதித்தால் தோல்வி.'

தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனதும் லெய்ஃப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அவர்கிட்ட எதுவும் வாயைத் திறக்காதே. மீன் பிடிக்கப் போகட்டும்."

"பாவம்யா. அவருக்கு இது கடைசி வருஷம்."

"நமக்கென்ன வந்துது? பேசாம இருந்தா நல்லதுதான் நடக்கும்."

"நாம எதுக்காகப் பேர் கொடுத்தோம்? அதைச் சொல்லு."

கடைசி நாளில் லெய்ஃபை இழுத்துக்கொண்டு போய்ப் பேர் கொடுத்தவளே அவள்தான். ஊரோடு ஒரு தடவை ஆடிவிட வேண்டும், ஒருவராவது பழக்கமாகிவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியும். கரண்டியை எடுத்துக்கொண்டு சூப்பைக் கிளறப் போய்விட்டான்.

ரக்னா வெளியே வந்தபோது மார்வின் கோட்டை மாட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"மார்வின், மீனை ஞாயித்துக்கிழமை பிடிச்சுக்கலாம். காலையில ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வந்துடுங்க."

"எதுக்கும்மா? இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? எதிர்லதான் ஆளே இல்லையே!"

ரக்னா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முன்னால் நீட்டுவதுபோல அவர் முன்னே நீட்டினாள்.

"இருக்கோம், மார்வின். என் முழுப் பேரு ரக்னா பை."