அன்பளிப்பு: கிருபாகரன் குடும்பம்

கரண்ட் போய் ஃபேன்கள் நின்றபோதுதான் கிருபாகரன் அண்ணாந்து பார்த்தான். அதற்குப் பிறகு ஜெபத்தில் மனசு ஒட்டவே இல்லை.

'அன்பளிப்பு: கிருபாகரன் குடும்பம், சேக்காடு' என்று இறக்கைக்கு இறக்கை சிவப்பில் எழுதி, அவன் சபைக்கு வாங்கிக் கொடுத்த ஃபேன். ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் புனே போய்விட்டு வருவதற்குள் மூன்று இறக்கையும் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. மற்ற ஏழு ஃபேன்களிலும் கொடுத்தவர்கள் பெயர் அப்படியே இருந்தது.

போதாக்குறைக்கு, அந்த ஃபேனுக்கு நேர் கீழே அவன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில், யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கும் மனைவி சுதாவுக்கும் கடைசி பெஞ்சுதான் கிடைத்தது.

ஆராதனை முடிந்த கையோடு சபைச் செயலாளர் அருள்மொழியைப் பிடித்தான்.

"என்ன சார் நடக்குது இங்க? என் பேரை அழிச்சது யாரு?"

"மெதுவா பேசுங்க கிருபா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! உங்க ஃபேன்ல உங்க பேரு ஜம்முனு இருக்கு. நான் மட்டும் இளிச்சவாயனா?"

"காணிக்கை கர்த்தருக்குத்தானே கொடுக்கறீங்க?"

"கர்த்தருக்குத்தான். அதுக்காக என் பேரை அழிச்சுடுவீங்களா?"

அருள்மொழி காணிக்கைப் பையைக் கட்டத் தொடங்கினார். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இந்த மாசத்திலிருந்து என் தசமபாகம் இங்க வராது. நசரத்பேட்டையில சபையா இல்ல? கொடுக்கிறவனை மதிக்கிற இடத்துல கொடுத்துக்கறேன். ஃபேனையும் இப்பவே கழட்டுங்க!"

காவலாளி நாகப்பன் ஏணியோடு வந்தார். வந்தவர் ஏறாமல் தலையைச் சொறிந்தார்.

"கயட்டிர்லாம் சார். பெயிண்டு அடிக்கச் சொன்னவங்களை ஒரு வார்த்தை கேட்டுகினு கயட்டட்டுமா?"

"யாரு சொன்னது?"

"நான்தான்" என்றாள் சுதா.

கிருபாகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியே சபை நடுவில் காலை வாரினால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"உனக்கென்ன பைத்தியமா? அழிக்கிறதுன்னா எல்லார் பேரையும் அழிச்சிருக்கணும். ஏன் நம்ம பேரை மட்டும்?"

"மத்தவங்க பேர்ல கைவைக்க எனக்கென்ன உரிமை இருக்கு?"

"நம்ம பேரை அழிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

அவன் குரலை மட்டும் உயர்த்தினான். "காரணத்தைச் சொல்லுடி!"

சுதா, ஃபேனுக்குக் கீழே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினாள்.

"அவங்க பேரு நாகம்மா. பின்னாடி தெருவுல வாடகைக்கு வந்திருக்காங்க. வீட்டு வேலைக்குப் போறாங்க. போன ஞாயிற்றுக்கிழமைதான் சபைக்கு முதல்முறையா வந்தாங்க. ஃபேன் போடறதுக்கு முன்னாடியே வந்து சுவர் ஓரமா தரையில உக்காந்திருந்தாங்க. அடிச்ச வெயில்ல குழந்தை வேர்த்துக்கொட்டி அழுதுகிட்டே இருந்துச்சு. இத்தனை பெஞ்சு காலியா இருக்கே, ஃபேனுக்குக் கீழ போய் உக்காருங்கன்னு நானே போய்ச் சொன்னேன்."

"சரி, உக்கார வேண்டியதுதானே? யாரு வேணாம்னது?"

சுதா அண்ணாந்து அந்த வெள்ளை ஃபேனைப் பார்த்தாள்.

"அதுக்கு அவங்க என்னைக் கேட்டாங்க... 'எல்லா ஃபேன்லயும் அந்தந்த ஊட்டுக்காரங்க பேரு எய்தி கீதேம்மா. பேரு எய்தாத ஃபேன் எதுனா கீதா? புள்ளைய வெச்சிகினு அதுக்குக் கீய குந்திக்கிறேன்.'"